தொழிலும் துணிவும் குடும்பமும் தொண்டும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் இளைஞர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்திற்கு இளைஞர் பகுதியினர் கொடுத்திருக்கும் தலைப்பு, “தொழிலும் துணிவும் குடும்பமும் தொண்டும்” என்பதாகும். ஒருவன் தன் தொழிலில் முன்னேற வேண்டும். வாலிபத்திற்குரிய வீரச் செயல்களிலும் ஈடுபட வேண்டும். பெண்டு பிள்ளைகளையும் பேண வேண்டும். அதோடு பிறருக்கும் உபகாரமாக வாழ வேண்டும். இந்த நான்கும் ஒரே வாழ்க்கையில் கூடிவருமா என்பதுதான் அவர்கள் எழுப்பியிருக்கும் கேள்வி.

கேள்வியைக் கேட்டவுடன் நம்மில் சிலர் சிரிக்கக்கூடும். “விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து மரம் சீவி, பால் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு வீரச் செயல் ஏது? அவன் வயிற்றுக்கே போதாதபோது தொண்டு ஏது?” என்று கேட்கக்கூடும். இன்று கித்தா மரங்கள் நின்ற பல இடங்களில் எண்ணெய்ப்பனை நிற்கிறது; தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். ஆயினும் அந்தப் பழைய சந்தேகம் நம்மை விட்டுப் போகவில்லை. பெரிய ஆசைகள் எல்லாம் பங்களாவில் இருப்பவருக்கு, லயத்தில் இருப்பவருக்கு அல்ல என்ற நினைப்பு நம் நெஞ்சில் இன்னும் குடியிருக்கிறது.

இதை வெறும் உபதேசத்தால் தீர்த்துவிட முடியாது. ஆகையால் உலகம் அறிந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து, நம் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம். பால் நிறுக்கும்போது தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கிராணி பார்ப்பாரல்லவா? அதுபோல, புகழ்ச்சியில் கலந்திருக்கும் தண்ணீரையும் பார்த்தே நிறுப்போம். அந்த மனிதர் நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லரி.

தேனீக்காரர்

ஹில்லரி 1919-ஆம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ஆக்லாந்து நகரில் பிறந்தார். தகப்பனார் தேனீ வளர்ப்பவர். ஹில்லரி சர்வகலாசாலையில் 2 ஆண்டுகள் இருந்து பார்த்துவிட்டு, பட்டம் பெறாமலே வெளியேறித் தகப்பனாரோடும் தம்பி ரெக்ஸோடும் தேனீத் தொழிலில் இறங்கினார். அது நிழலில் உட்கார்ந்து செய்யும் தொழிலன்று. ஆயிரத்துக்கும் அதிகமான தேன்கூட்டுப் பெட்டிகளைக் கவனிக்க வேண்டும். தேன் நிறைந்த அடுக்குகளை நாளெல்லாம் தூக்கி இறக்க வேண்டும். நாள்தோறும் கொட்டு வாங்காமல் அந்தத் தொழிலில் பொழுது சாயாது. நம்மைப்போலவே மழையையும் வெயிலையும் பார்த்துப் பிழைக்கும் தொழில் அது.

16-ஆவது வயதில் பள்ளிக்கூடத்துப் பிரயாணமாக ருவாப்பேஹு என்னும் மலைக்குச் சென்றதிலிருந்து அவருக்கு மலையின்மீது பற்று உண்டாயிற்று. கோடையில் தேனீக்களோடு பாடுபடுவதும், வேலை குறையும் காலத்தில் மலையேறுவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. தொழிலை உதறிவிட்டுத் துணிகரத்தைத் தேடி ஓடவில்லை. தொழில் கொடுத்த இடைவெளியில்தான் அதைப் பயின்றார். சுமை தூக்கிப் பழகிய தோளும், கொட்டுக்கு அஞ்சாத மனமும் மலையிலும் அவருக்கு உதவின. உழைப்பாளியின் உடம்பு வீரச் செயலுக்கு ஒவ்வாது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் மலைக்குப் போன நாட்களில் தேனீக்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. தம்பி ரெக்ஸ் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டார். ஒருவர் சிகரத்தில் நிற்கும்போது அவருடைய நிரையை வேறொருவர் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் முதலிலேயே குறித்துக்கொள்வோம். இந்தப் பேச்சு முழுவதற்கும் அது தேவைப்படும்.

சிகரமும் சுமையும்

1953-ஆம் ஆண்டு மே 29-ந் தேதி, முற்பகல் 11.30 மணிக்கு, ஹில்லரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்தார்கள். 29,000 அடிக்கு மேற்பட்ட அந்தச் சிகரத்தை அடைந்து உயிரோடு திரும்பியதாக உறுதிப்பட்ட முதல் மனிதர்கள் அவர்களே.

டென்சிங் யார்? ஷெர்ப்பா இனத்தவர். பிழைப்பைத் தேடி டார்ஜிலிங்குக்கு வந்து, 1935-இல் ஒரு குழுவில் சுமை தூக்கியாகச் சேர்ந்தவர். 1953-க்கு முன்பே ஆறு முறை எவரெஸ்டுக்குச் சென்று வந்தவர். 1952-இல் சுவிஸ் நாட்டவரான ரேமண்ட் லாம்பெர்ட்டுடன் சிகரத்திற்கு வெகு சமீபம்வரை ஏறித் திரும்பியவர். 1953-இல் பனிவெடிப்பு ஒன்றில் ஹில்லரி விழுந்தபோது, கயிற்றைப் பிடித்து நிறுத்தி உயிரைக் காத்தவரும் அவரே. பள்ளிக்கூடத்தில் படித்தவரல்லர், ஆனால் மலையைப் படித்தவர்.

அந்த ஆண்டுக் குழுவில் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? சுமை தூக்கிகள் மட்டும் 362 பேர். ஷெர்ப்பா வழிகாட்டிகள் 20 பேர். ஏறக்குறைய 10,000 ராத்தல் சாமான்கள் அவர்கள் முதுகில் மலைக்கு ஏறின. இரண்டு பேர் சிகரத்தில் நிற்பதற்கு இத்தனை முதுகுகள் வளைந்தன. காண்டாவில் இரு வாளி பாலைத் தொங்கவிட்டுச் சரிவிலும் சேற்றிலும் நடந்த பரம்பரை நம்முடையது. அந்த 362 பேரின் தோள் எப்படிக் காய்த்திருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெற்றிக்குப் பிறகு மரியாதை பங்கிடப்பட்டது. குழுத்தலைவர் ஜான் ஹண்டுக்கும் ஹில்லரிக்கும் பிரிட்டிஷ் அரசாங்கம் ‘சர்’ பட்டம் அளித்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறிய இருவரில் ஒருவருக்குப் பட்டம், மற்றவருக்குப் பதக்கம். சம வேலைக்குச் சம மதிப்பு என்று கேட்கும் சங்கத்தார் இதை எளிதில் கடந்து போக முடியாது. ஆனால் அந்த இருவரும் தங்களுக்குள் சண்டையிடவில்லை. “முதலில் கால் வைத்தது யார்?” என்று உலகம் துளைத்துத் துளைத்துக் கேட்டபோது, இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்றுதான் சொன்னார்கள். ஹில்லரி முன்னே சென்றார், தாம் சில அடிகள் பின்னே சென்றோம் என்பதை டென்சிங்கே 1955-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் வெளியிட்டார். பெரிய இடங்கள் பாகுபாடு செய்தாலும், கயிற்றின் இரு முனையிலும் இருப்பவர்கள் பிரியாமலிருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

டென்சிங் 1954-இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பெற்ற மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் களப் பயிற்சித் தலைவராகி, ஆயிரக்கணக்கான இளைஞருக்குத் தம் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். 1986-இல் காலமாகும்வரை அந்த ஊரே அவருக்கு வீடாக இருந்தது.

கேட்டுச் செய்த உதவி

ஹில்லரியின் புகழ் அதோடு நிற்கவில்லை. 1958-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, வயலில் உழும் பெர்குசன் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு அவரும் அவர் குழுவினரும் தென்துருவத்தை அடைந்தார்கள். 1911-இல் அமுண்ட்சனும் 1912-இல் ஸ்காட்டும் தரை வழியே அடைந்த பிறகு அங்கே சென்ற அடுத்த குழு அதுதான். மோட்டார் வாகனத்தில் சென்ற முதல் குழுவும் அதுதான். அவர் சொற்பொழிவாற்றினார், நூல்கள் எழுதினார். கம்பெனிகள் அவர் பெயரை நாடி வந்தன. தேனீக்காரரின் தொழில் இப்போது வேறு உருவம் எடுத்தது.

இந்த இடத்தில் பலருடைய வரலாறு முடிந்துபோகும். பட்டம், பணம், படம் என்று சுகமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஹில்லரியின் வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

1960-இல் அவர் மீண்டும் இமயமலைக்குச் சென்றிருந்தபோது, தம்மோடு சுமை சுமந்த ஷெர்ப்பாக்களிடம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். அவர்கள் பணம் கேட்கவில்லை, துணிமணி கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வையில்லை, ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். எழுத்தைக் கண்ணென்று சொன்ன வள்ளுவரை அவர்கள் படித்திருக்க வழியில்லை. ஆனால் உழைக்கும் பெற்றோரின் வயிற்றெரிச்சல் எந்த மலையிலும் ஒரே பாஷையில்தான் பேசுகிறது. நம் தோட்டங்களிலே ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒற்றை வாத்தியாரோடு நடந்த பள்ளிகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

1961-இல் கும்ஜுங் என்னும் ஊரில், கடல்மட்டத்திற்கு 3,700 மீட்டருக்கும் மேலே, அந்தப் பள்ளிக்கூடம் எழுந்தது. இதற்காக ஏற்படுத்தப்பட்டதுதான் இமயமலை அறநிதி. ஹில்லரி காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. நாடு நாடாகச் சென்று பணம் திரட்டினார். ஆண்டுதோறும் நேபாளத்திற்குத் திரும்பிச் சென்று, சுத்தியலும் ஆணியும் எடுத்துத் தாமே கூரை வேய்ந்தார். தம்பி ரெக்ஸும் வந்து கட்டட வேலையில் இறங்கினார்.

அந்த அறநிதி பின்பற்றிய முறையை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஊரார் கேட்காத எதையும் செய்யவில்லை. முதலில் ஊரார் கூடி விண்ணப்பம் செய்ய வேண்டும். அவர்கள் தங்கள் உழைப்பையும் அதில் போட வேண்டும். அதனால் எழுந்த கட்டடம் எவரோ போட்ட பிச்சையாக நிற்காமல், ஊராருடைய சொத்தாகவே நின்றது.

1963-இல் அம்மை நோய் பரவியபோது, ஹில்லரி குழுவினர் ஊர் ஊராகச் சென்று அம்மை குத்தினார்கள். 1964-இல் லுக்லா என்னுமிடத்தில் ஒரு சிறு விமானத்தளம் அமைத்தார்கள். ஆஸ்பத்திரி கட்டுவதற்கு வேண்டிய சாமான்களைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். மண்ணை இறுக்க இயந்திரம் ஏதுமில்லை. ஷெர்ப்பாக்கள் கைகோத்து வரிசையாக நின்று, தங்கள் நாட்டு நடனத்தை ஆடி மிதித்தே தரையை இறுக்கினார்கள்.

1966-இல் குண்டே என்ற ஊரில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்த மலைப்பகுதியின் மண்ணில் அயோடின் சத்துக் குறைவு. ஆகையால் மக்களில் பலருக்குக் கழுத்துக் கழலை பெரிதாகத் தொங்கியது. கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பேச்சும் கேள்வியும் அறிவு வளர்ச்சியும் இல்லாத குழந்தைகள் பிறந்தார்கள். அதை ஊரார் தலைவிதி என்று எண்ணியிருந்தார்கள். மருத்துவர்கள் அயோடின் எண்ணெயை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். அடுத்த தலைமுறையில் அந்தக் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. தலைவிதி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ காரியங்கள், ஒரு சிறு சத்துக் குறைவால் வருபவையாக இருக்கலாம் அல்லவா?

காலப்போக்கில் அந்த அறநிதி சுமார் 30 பள்ளிகளையும், 2 ஆஸ்பத்திரிகளையும், பல சிறு மருந்தகங்களையும் கட்ட உதவியது. பள்ளியில் படித்த சுமை தூக்கிகளின் பிள்ளைகள் விமானிகளாகவும், வன அதிகாரிகளாகவும், ஆசிரியர்களாகவும் ஆனார்கள். காமி தெம்பா என்னும் ஷெர்ப்பா, குண்டே ஆஸ்பத்திரியில் சுகாதார உதவியாளராக இருந்து, பின்னர் வெளிநாடு சென்று வைத்தியம் படித்துத் திரும்பி, அதே ஆஸ்பத்திரிக்கு மருத்துவரானார். வெளியிலிருந்து வந்த டாக்டர்கள் செய்துவந்த வேலையை ஊர்ப்பிள்ளையே ஏற்றுக்கொண்டார். தொண்டு பலித்தது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

நன்மையோடு தீமையும் வந்தது என்பதையும் மறைக்கலாகாது. லுக்லாவில் விமானம் இறங்கவே, உல்லாசப் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விறகுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. மலையெங்கும் குப்பை சேர்ந்தது. 1976-இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஹில்லரியின் அறநிதி நாற்றங்கால் அமைத்து மரம் நடும் வேலையையும் மேற்கொண்டது. நல்லது செய்யப் புறப்பட்டவர், அதன் பின்விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

வீட்டின் பங்கு

இனிக் குடும்பத்திற்கு வருவோம். தாய்மார்கள் இந்தப் பகுதிக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்பது நமக்குத் தெரியும்.

எவரெஸ்ட் ஏறிய அதே 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஹில்லரி லூயிஸ் ரோஸ் என்னும் பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் வயோலா என்னும் நரம்புக் கருவி வாசிக்கும் இசைக்கலைஞர். உலகின் மிக உயர்ந்த மலைக்கு அஞ்சாத மனிதர், “என்னை மணந்துகொள்வாயா?” என்று கேட்க அஞ்சினாராம்! பெண்ணின் தாயாரையே தமக்காகப் பேசச் சொன்னார். பீட்டர், சாரா, பெலிண்டா என மூன்று குழந்தைகள் பிறந்தார்கள்.

1956-ஆம் ஆண்டின் இறுதியில் தென்துருவப் பிரதேசத்திற்குப் புறப்பட்டவர் 1958-இல்தான் வீடு திரும்பினார். அப்போது பீட்டருக்கு 2 வயது. சாரா கைக்குழந்தை. டிராக்டர் பனியில் நகர்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், வீட்டை நகர்த்தியவர் லூயிஸ் அம்மையார். செய்தித்தாள்களில் டிராக்டரின் படம் வந்தது. தொட்டிலின் படம் வரவில்லை.

பின்னர் அந்தக் குடும்பம் ஒரு வழி கண்டது. தகப்பனார் மட்டும் போவதை விட்டுக் குடும்பத்தோடு சேர்ந்தே போனார்கள். 1966-இல் மூன்று பிள்ளைகளும் தாயாரோடு ஷெர்ப்பா நாட்டிற்குச் சென்றார்கள். அந்தப் பிரயாணத்தைப்பற்றி லூயிஸ் அம்மையாரே நூல் எழுதினார். தொண்டும் துணிகரமும் குடும்பமும் ஒன்றாகக் கலந்த நல்ல ஆண்டுகள் அவை.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. 1975-ஆம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி. பாப்லு என்னுமிடத்தில் ஹில்லரி ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் வந்து சேர்வதற்காக லூயிஸ் அம்மையாரும், 16 வயதுப் பெண் பெலிண்டாவும் காட்மாண்டுவில் ஒரு சிறு விமானத்தில் ஏறினார்கள். விமானம் மேலெழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இருவரும் மாண்டனர்.

தோழர்களே, அந்தத் துயரத்தை விவரிக்க நாம் முயலப் போவதில்லை. ஹில்லரி நீண்ட காலம் மனமுடைந்து கிடந்தார் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனாலும் பாப்லு ஆஸ்பத்திரி பாதியில் நிற்கவில்லை. அது கட்டி முடிக்கப்பட்டது. 1977-இல் மகன் பீட்டரோடு கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயத்தை நோக்கிப் படகில் சென்றார். 1985 முதல் 1989 வரை இந்தியாவில் நியூசிலாந்தின் ஹை கமிஷனராக இருந்தார். 1989-இல் ஜூன் மல்குரூ என்னும் அம்மையாரை மணந்தார். பல ஆண்டுகளாக அறநிதியின் வேலைகளில் துணை நின்றவர் அவர். 1990-இல் பீட்டரும் எவரெஸ்ட் ஏறினார். 2008-ஆம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி ஹில்லரி காலமானார்.

நான்கும் ஒரே வாழ்க்கையில் கூடுமா என்று கேட்டோமே, கூடியிருக்கிறது. ஆனால் ஒருவருடைய தோளில் அவை கூடவில்லை. தம்பி ஒரு பங்கைச் சுமந்தார். மனைவி ஒரு பங்கைச் சுமந்தார். டென்சிங் ஒரு பங்கைச் சுமந்தார். பெயர் தெரியாத 362 பேர் ஒரு பங்கைச் சுமந்தார்கள். “ஒருவனே எல்லாம் சாதித்தான்” என்று சொல்வதில்தான் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்துவிட்டால் மிஞ்சுவது கெட்டிப் பால். அது கூட்டு உழைப்பு.

உபகாரமும் உரிமையும்

இன்னொரு விஷயத்தைச் சங்க மேடையில் சொல்லாமல் விடக்கூடாது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன, நல்லதே. ஆனால் மலையில் சுமை தூக்குகிறவனுடைய உயிருக்கு என்ன மதிப்பு வந்தது?

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, எவரெஸ்ட் அடிவாரத்திலுள்ள கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து, 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஷெர்ப்பாக்கள். மலையேற வந்த சீமான்களுக்காக அவர்கள் விடியுமுன்னே சாமான் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் குடும்பத்திற்கு ஈமச் செலவுக்கென்று அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். ஏறக்குறைய 400 அமெரிக்க டாலர். ஆண்டுதோறும் மலையேறும் அனுமதிக் கட்டணமாகவே லட்சக்கணக்கான டாலர் வந்துகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது!

ஷெர்ப்பாக்கள் அழுதுகொண்டே வேலைக்குத் திரும்பிவிடவில்லை. கூடிப் பேசினார்கள். இன்ஷுரன்ஸ் தொகையை உயர்த்த வேண்டும், காயம்பட்டவருக்கு நிவாரணம் வேண்டும், இறந்தவர் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள். அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கத்து ஏற்றம் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோயிற்று. அதன் பிறகே இன்ஷுரன்ஸ் தொகை உயர்ந்தது.

கோரிக்கை வைத்தவர்கள் யார்? சுமை தூக்கிப் பழகிய இனத்தில், பள்ளிக்கூடம் கண்ட முதல் இரண்டு தலைமுறையினர். கண் திறந்தவர்கள் கணக்குக் கேட்டார்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. உபகாரம் உரிமையின் இடத்தை அடைக்கக்கூடாது. “தீபாவளிக்கு வேட்டி கொடுத்தோமே, கோயிலுக்குத் தகரம் கொடுத்தோமே” என்று சொல்லி, சம்பளப் பேச்சை ஒத்திவைப்பது நம் தோட்டங்களில் கேட்டுப் பழகிய பாட்டு. தகரத்திற்கு நன்றி சொல்வோம், சம்பளத்தையும் கேட்போம். நல்ல தொண்டு, மனிதனை உரிமை கேட்கும் அளவுக்கு நிமிர்த்துகிறது. நிமிர விடாத தொண்டு வேறொரு வகைக் கங்காணித்தனமே.

நம்மால் ஆவது

“அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்மவர் யார் ஏறினார்?” என்று ஒருவர் கேட்கலாம். 1997-ஆம் ஆண்டு மே 23-ந் தேதி, மலேசியக் கொடியை முதன்முதலாக எவரெஸ்ட் சிகரத்தில் ஏற்றியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் ஆவர். இருவரும் நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள். மலையேற்றம் நமக்கு எட்டாத விளையாட்டு என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது. அவர்களும் ஷெர்ப்பாக்களின் துணையோடுதான் ஏறினார்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

கூட்டுத் தொண்டுக்கும் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் சீவியவர்களும் புல் வெட்டியவர்களும் தவணை தவணையாகச் செலுத்திய வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. தனித்தனியே எண்ணினால் அந்தக் காசு ஒரு மாதத்து அரிசிக்குக்கூடப் போதாது.

ஆகவே இளைஞர் பகுதிக்கு நாம் வைக்கும் யோசனைகள் சில உண்டு.

முதலாவது, துணிகரம் என்றால் எவரெஸ்ட் மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலேயே குனோங் லேடாங் இருக்கிறது. குனோங் தஹான் இருக்கிறது. ஓய்வு நாட்களில் இளைஞர்களை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, தகுந்த வழிகாட்டியோடு அழைத்துச் செல்லுங்கள். கள்ளுக்கடை வாசலில் காட்டும் வீரத்தைக் காட்டிலும் அது பல மடங்கு மேல்.

இரண்டாவது, உதவி செய்யுமுன் கேளுங்கள். மேடை கட்டிச் சால்வை போர்த்தி, மாணவருக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த வீட்டாருக்கு வேண்டியது நோட்டா, கண்ணாடியா, பஸ் செலவா, அல்லது பாடம் சொல்லிக்கொடுக்க மாலையில் ஒரு மணி நேரமா என்று கேட்டிருக்கிறோமா? கும்ஜுங் பள்ளி ஒரு கேள்வியில்தான் பிறந்தது.

மூன்றாவது, இது ஆண்களுக்குரியது. 1954-இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான நாளிலிருந்து, எத்தனையோ தொண்டர்கள் இரவு பகல் பாராமல் உழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை போட்டோம். அவர்கள் கூட்டத்திற்குப் போன இரவுகளில், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைத்து, விடியுமுன் தாமும் மரம் சீவப் போன தாய்மார்களுக்கு எத்தனை மாலை போட்டோம்? கூட்டத்திற்குக் கணவன் போகும் நாள் ஒன்று என்றால், மனைவி போகும் நாள் ஒன்று இருக்கட்டும். அன்றைக்கு அடுப்பைக் கணவன் பார்த்துக்கொள்ளட்டும். மாதர் பகுதிக் கூட்டம் நடக்கும்போது குழந்தைகளை இளைஞர் பகுதி பார்த்துக்கொள்ளட்டும்.

நான்காவது, இன்று நம்மிடையே காவலாளிகளாகவும் தொழிற்சாலைத் தொழிலாளிகளாகவும் பாடுபடுவோரில் நேபாளத்து இளைஞர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நம்மோடு உழைக்கிறார்கள். ஒரு காலத்தில் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததுபோல, கடனோடும் கனவோடும் வந்தவர்கள் அவர்கள். அவர்களை அந்நியர் என்று ஒதுக்கினால், கயிற்றின் ஒரு முனையை நாமே அறுத்தவர்களாவோம். அவர்களுடைய சம்பளச் சீட்டையும் சேர்த்துப் படித்துக் காட்டுவது நம் தொண்டில் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

தோழர்களே, தாய்மார்களே! நான்கையும் ஒருவர் தனியே சுமந்தால் முதுகு ஒடியும். பங்கிட்டுச் சுமந்தால் தோட்டத்துப் பிள்ளையும் சிகரம் ஏறுவான். இறங்கிவந்து பள்ளிக்கூடமும் கட்டுவான். இங்கே பெயர் கொடுக்கும் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. மலைப் பிரயாணத்திற்கு ஒரு பக்கம், மாலை வகுப்புக்குப் பாடம் சொல்ல வருவோருக்கு ஒரு பக்கம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருவோருக்கு ஒரு பக்கம் என்று இளைஞர் பகுதியினர் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பக்கத்தில் ஆண்களின் பெயர் எத்தனை விழுகிறது என்று தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!